தவிலுக்குப் போர்வை போர்த்திய வருஷம்

நாற்பது வருஷத்துக்கு மேல் ஒத்து ஊதிப் பிழைத்தவன் நான். ஒத்து என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் முழிக்கிறார்கள். நாயனம் மாதிரியே நீளக் குழல், ஆனால் விரல் வைத்து வாசிக்கத் துளை கிடையாது. ஒரே ஒரு சுரம்தான் வரும். நாயனக்காரர் ராகம் ராகமாக இழைத்து வெற்றிலை பாக்குத் தட்டில் மரியாதை வாங்கிக்கொள்வார். தவில்காரர் தனியாக வெளுத்து வாங்கிவிட்டு சோடா குடிப்பார். நான் அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து, கன்னத்தில் காற்றை அடைத்து, மூக்கால் மூச்சு வாங்கி, அந்த ஒரே சுரத்தை அறுந்துபோகாமல் ஊதிக்கொண்டிருப்பேன். நான் நிறுத்தினால் அவர்கள் இரண்டு பேரும் அந்தரத்தில் நிற்க வேண்டியதுதான். ஆனாலும் பந்தியில் எனக்குக் கடைசி இலைதான்.

அந்த ஒற்றைச் சுரத்தை வைத்து நான் என் வீட்டில் செய்த காரியத்தை, காஞ்சிபுரத்தில் தங்கத் தோடா பரிசு வாங்கிய எந்த வித்வானும் செய்ததில்லை. தற்பெருமை என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். வயதான காலத்தில் இதைக்கூடப் பீற்றிக்கொள்ளாமல் வேறு எதைப் பீற்றிக்கொள்வது?

எனக்கு இரண்டும் பெண்கள். பத்து வயது வித்தியாசம். மூத்தவள் வளர்ந்ததே தெரியவில்லை. சின்னவள் பிறந்த நாளிலிருந்து வீடு ரெண்டுபட்டது. சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் எங்களைத் தவிர எல்லாரும் தறிக்காரர்கள். அவள் தவழ்கிற வயதிலேயே, அடுக்களையில் ஒரு தம்ளர் விழுந்தால் உடம்பு விறைத்து, முகம் நீலம் பாரித்து, நாலு வீடு கேட்க அலறுவாள். ஈயம் பூசுகிறவன் குரல், பஸ் ஹாரன், கோயில் மணி, எல்லாவற்றுக்கும் அதே அலறல்தான். பட்டுப் பாவாடை உடம்பில் பட்டால் நெருப்புப் பட்டதுபோல் பிய்த்து எறிவாள். தெருவே பட்டு நெய்கிறது, என் பெண்ணுக்கு மட்டும் துவைத்துத் துவைத்து நைந்த பருத்தி மல் துணிதான் ஆகும். தூக்கி வைத்துக்கொண்டு சமாதானம் செய்யலாம் என்றால் யார் கை பட்டாலும் வழுக்கிக்கொண்டு ஓடுவாள். பெற்றவளைக்கூட அவள் அண்டவிட்டதில்லை.

எல்லாவற்றையும்விட அவளுக்கு ஆகாதது தவில். மேளக்காரன் வீட்டில் பிறந்துவிட்டு மேளம் கேட்டால் அலறுகிறது என்றால் ஊர் சும்மா இருக்குமா? "இன்னாபா, உன் பொண்ணுக்கே உங்க வாசிப்பு புடிக்கல போல" என்று டீக்கடையில் உட்கார்ந்து கேலி பேசுவார்கள். நானும் சிரித்துவைப்பேன். உள்ளே பற்றிக்கொண்டு எரியும்.

அவளுக்கு ஐந்து வயது இருக்கும்போது என் தங்கைக்குக் கல்யாணம் நடந்தது. அன்று தவில் வாசித்தவர் என் மனைவியின் அண்ணன், எங்கள் செட்டின் தவில்காரர். ஆறடி ஆள், கை ஒவ்வொன்றும் உலக்கை. தாலி கட்டுகிற நேரத்தில் தும்மல், அழுகை, அபசகுனமான பேச்சு எதுவும் மணமக்கள் காதில் விழக்கூடாது என்றுதானே கெட்டிமேளம் வைத்திருக்கிறார்கள்? பெரியவர்கள் ஆள்காட்டி விரலைத் தூக்கி ஆட்டுவார்கள், உடனே தவில் முழங்கும். அன்றும் விரல்கள் ஆடின, மச்சான் முழக்கினார். என் சின்னவள் அலறினாள். தாலி ஏறும்போது குழந்தை அழுகிறதே என்று பதறி, இன்னும் பலமாக அடி, இன்னும் பலமாக அடி என்று எல்லாரும் விரலை ஆட்டினார்கள். அவர் அடிக்க அடிக்க இவள் அலற, இவள் அலற அலற அவர் அடிக்க, எங்கள் சனத்துக்கு மட்டுமே வரக்கூடிய புத்தி அது. ஒருத்தருக்குக்கூட மேளத்தை நிறுத்தலாம் என்று தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, நானும் ஊதிக்கொண்டுதான் இருந்தேன். கடைசியில் அவள் பந்தலை விட்டு ஓடி, மாப்பிள்ளை வீட்டுப் படியில் குப்புற விழுந்து, மோவாய் பிளந்துவிட்டது.

மச்சான் மன்னிப்புக் கேட்கிற ஆள் கிடையாது. மறுநாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, தெருவிலேயே நின்று, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் எந்தக் கல்யாணத்துக்கும் சின்னவளை யாரும் கூப்பிடவில்லை. அவளைப் பார்த்துக்கொள்ள என் மனைவியும் வீட்டிலேயே இருந்துவிடுவாள். பத்திரிகை வைக்க வருகிறவர்கள் என்னையும் மூத்தவளையும் மட்டும் பார்த்து "அவசியம் வந்துடணும்" என்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவர்கள் கொடுத்த வெற்றிலையை அவர்கள் மூஞ்சியிலேயே எறியலாமா என்று இருக்கும்.

டாக்டரிடம் போகாமல் இல்லை. உள்ளூர் டாக்டர் காதில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "காது ஒங்க எல்லாரையும் விட நல்லா இருக்குது" என்றார். மதராஸில் ஒருவர் நரம்பு பலவீனம் என்று ஒரு சிரப்பு கொடுத்தார். அதைக் குடித்து ரெண்டு நாள் குழந்தை கண்ணைத் திறக்கவில்லை. பாட்டிலைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் கவிழ்த்தேன்.

தெருப் பெண்கள் வேறொன்றைக் கண்டுபிடித்தார்கள். மற்ற நாளில் எப்படியோ, அமாவாசை அன்று இவளுக்கு வெறி பிடித்த மாதிரி ஆகிறது, ஒரு காக்கை கத்தினால்கூடத் தாங்கவில்லை என்று. அது நிஜம்தான், நானும் பார்த்திருக்கிறேன். அமாவாசை என்று வந்துவிட்டால் அப்புறம் என்ன, பேய் என்று முடிவு கட்டிவிட்டார்கள். முசரவாக்கத்தில் ஒருத்தன் நன்றாக ஓட்டுவான் என்று சொல்லி எங்களை வண்டி ஏற்றினார்கள். அவன் குழந்தையை உட்கார வைத்து முகத்துக்கு நேரே உடுக்கையை அடிக்க ஆரம்பித்தான். அவள் போட்ட சத்தத்தைப் பார்த்து, "பாத்தியா, உள்ள இருக்கறது பேசுது" என்றான். நான் எழுந்து அவன் உடுக்கையைப் பிடுங்கி வேலிக்கு அந்தப்பக்கம் வீசிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி, "நீங்க செஞ்சது சரிதான்" என்று மட்டும் சொன்னாள்.

அவளுக்கு ஏழு வயது நடக்கிறபோதுதான் விஷயம் எனக்குப் பிடிபட்டது. அன்றும் அமாவாசை. மத்தியானம் என் மனைவி வழக்கப்படி தெரு வாசலில் நின்று, போகிற வருகிறவர்களைச் சத்தம் போடாதே, சத்தம் போடாதே என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். சின்னவள் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தாள். நான் கூடத்தில் உட்கார்ந்து ஒத்துக்கு, வாயில் வைத்து ஊதுகிற புதுச் சீவாளி பொருத்திப் பதம் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே போய் ஊதியிருக்க வேண்டும், சோம்பேறித்தனம். மெதுவாகத்தானே என்று அங்கேயே ஊதினேன். கொஞ்ச நேரத்தில் என் முதுகில் ஏதோ பட்டது. பூனை என்று நினைத்தேன். திரும்பப் போனவனை என் மனைவி வாசலிலிருந்து கையைக் காட்டித் தடுத்தாள். சின்னவள் வந்து என் முதுகோடு முதுகு சாய்த்து உட்கார்ந்திருந்தாள்.

ஏழு வருஷத்தில் அவளாக ஒரு மனுஷனைத் தொட்டது அதுதான் முதல் தடவை. நான் நிறுத்தவில்லை. ஒரு மணி நேரம் ஊதினேனோ, ஒன்றரை மணி நேரமோ, கன்னம் மரத்துப்போய்விட்டது. அதற்குள் பக்கத்து வீட்டில் ஏதோ பாத்திரம் விழுந்தது. அவள் முதுகு ஒரு தடவை சிலிர்த்தது, அவ்வளவுதான். மறுபடி சாய்ந்துகொண்டாள். என் மனைவி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

நான் குழலை இறக்கியதும் தெருவின் நிசப்தம் என் காதிலும் விழுந்தது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அமாவாசை நெசவாளர்களுக்கு லீவு. மற்ற நாளெல்லாம் காலையிலிருந்து இருட்டும் வரை தெரு முழுக்கத் தறிகள் ஒரே மாதிரி தட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவள் அவள், அதைப் பிடித்துக்கொண்டுதான் நாளை ஓட்டுகிறாள். அமாவாசை அன்று தறி நின்றுவிட்டால் பிடிக்க ஒன்றும் இல்லை. ஒவ்வொரு சத்தமும் வெறும் நிசப்தத்தில் திடுதிப்பென்று அவள் தலையில் விழுகிறது. நாங்கள் என்னடா என்றால் வாயை மூடு, சத்தம் போடாதே என்று தெருவை இன்னும் நிசப்தமாக்கிக்கொண்டிருந்தோம். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. தறி லீவு, அவ்வளவுதான். இதை நான் என் மனைவியிடம் சொன்னபோது அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏங்க, இத்தினி வருசமா இது நமக்குத் தோணலியே" என்றாள்.

அடுத்த நாளிலிருந்து தினம் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு ஊதினேன். கச்சேரி இருந்தால் காலையிலேயே ஊதிவிட்டுப் போவேன். அவளாக வந்து முதுகைக் கொடுத்து உட்காருவாள். என் சுரம் நிலையாக நின்ற பிறகு, என் மனைவி அடுக்களையில் ஒரு சத்தம் செய்வாள். முதலில் கரண்டியால் மெதுவாக ஒரு தட்டு. நாலு நாள் கழித்துக் கொஞ்சம் பலமாக. அப்புறம் தம்ளர். அப்புறம் தாம்பாளம். ஒரு நாளைக்கு ஒரு சத்தம், அதற்கு மேல் கூடாது என்று என் மனைவி கண்டிப்பாக இருந்தாள். நான் அவசரப்பட்டுப் போடு போடு என்று கண்ணால் சொன்னால், "நீங்க ஊதற வேலைய மட்டும் பாருங்க" என்பாள். சின்னவள் கையிலேயே கரண்டியைக் கொடுத்தால் எவ்வளவு பலமாக வேண்டுமானாலும் தட்டுகிறாள், முகம்கூடச் சுளிக்கவில்லை என்று கவனித்தவளும் என் மனைவிதான். அதன் பொருள் என்னவென்று எங்களுக்கு அப்போது விளங்கவில்லை.

பிற்காலத்தில் ஏனாத்தூர் பக்கம் ஒரு கல்யாணத்தில் ஒரு டாக்டரம்மா என்னிடம் பேச்சுக் கொடுத்தார். இப்படி ஒலியும் தொடுகையும் தாங்காத குழந்தைகள் நிறைய இருக்கிறார்களாம், இசையை வைத்தே அவர்களைப் பழக்குகிற வைத்தியம் ஒன்று வந்திருக்கிறதாம். அதற்கென்று படிப்பு, சர்ட்டிபிகேட் எல்லாம் உண்டாம். "நீங்க அப்பவே அதைத்தான் செஞ்சிருக்கீங்க" என்றார். எனக்கு எழுதப் படிக்கவே நாலாம் கிளாஸ் வரைதான். அன்று ராத்திரி ரெண்டு உருண்டை சோறு கூடுதலாகச் சாப்பிட்டேன்.

சின்னவளுக்கு ஒன்பது வயது ஆனபோது மூத்தவளுக்குத் தென்னேரியில் ஒரு வரன் வந்தது. பையன் பஸ் கண்டக்டர், அப்பா ரைஸ் மில் மேஸ்திரி. எல்லாம் பேசி முடித்து, தட்டு மாற்றப் போகிற நேரத்தில் சம்பந்தி தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. சின்னப் பொண்ணப் பத்திக் கேள்விப்பட்டேன். முகூர்த்தத்துக்கு அத இட்டுக்கினு வர வேணாம். யார் ஊட்லயாவது உட்டுட்டு வாங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார். அவருடைய மூத்த மகள் கல்யாணத்தில் தாலி கட்டும்போது யாரோ தும்மினார்களாம். கெட்டிமேளம் ஒரு நொடி பிந்திவிட்டதாம். ஒரு வருஷத்தில் மாப்பிள்ளை வயலில் பாம்பு கடித்துப் போய்விட்டார். அந்தப் பெண் அவர் பின்னாலேயே சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள், இருபத்தைந்து வயதுகூட இருக்காது.

உள்ளேயிருந்து மூத்தவள் கூடத்துக்கு வந்துவிட்டாள். பெண் பார்க்க வந்த சபையில் பெண் பேசக்கூடாது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாததா? வந்து நின்று, "நைனா, பாப்பா இல்லாம நான் மணையில உக்கார மாட்டேன்" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் சொன்னேன்: "பொண்ணு வருவா. அவ வாய்ல இருந்து ஒரு சத்தம் வராது. வந்தா, நீங்க தாலிய எடுத்துக்கினு எழுந்து போயிடுங்க. நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

சம்பந்தி தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "சரி, ஒங்க வார்த்தை" என்றார். தட்டு மாறியது. அவர்கள் போனதும் என் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டாள். "கரண்டி சத்தமும் கெட்டிமேளமும் ஒண்ணா? ஒரு பொண்ணுக்காக இன்னொரு பொண்ணு வாழ்க்கைய வச்சு ஆடறீங்களே, ஒங்களுக்கு இன்னா பித்தா?" என்றாள். அவள் சொன்னதில் ஒரு எழுத்து தப்பில்லை. அன்றிலிருந்து கல்யாணத்துக்கு எட்டு மாசம்.

நேராக மச்சானிடம் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் தவில் உறையைத் தடவிக்கொண்டே, "நான் இன்னா செய்யணும் சொல்லு மாப்ளே" என்றார். தினம் மத்தியானம் எங்கள் தெருமுனைக்கு வர வேண்டும். வலது கை விரல்களில் மாட்டுகிற கூட்டைக் கழற்றிவிட்டு வெறும் விரலால் வாசிக்க வேண்டும். தவிலின் மேல் போர்வை போர்த்தியிருக்க வேண்டும். இதைக் கேட்டு அவர் முகம் போன போக்கை என்னவென்று சொல்வது. பத்து ஊர் பேர் வாங்கிய தவில்காரர். மறுநாளே வந்தார், கக்கத்தில் ஒரு சாயம் போன ஜமுக்காளத்தோடு.

தெருமுனையில் அவர் போர்வைக்கடியில் தட்டுவார். கூடத்தில் நான் ஊதுவேன். என் முதுகில் அவள். தெருவின் தறிச் சத்தத்துக்கு நடுவே அவர் தட்டுவது எனக்கே சரியாகக் கேட்காது. வாரத்துக்கு இரண்டு வீடு தாண்டி அவர் கிட்டே வந்தார். தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்து பார்த்துச் சிரிக்காத ஆள் தெருவில் இல்லை. "இன்னா வாத்தியாரே, தவுலுக்குக் குளிர் ஜொரமா?" என்று ஒருவர் கேட்டார். "ஆமா, நீ வந்து கஷாயம் வச்சுக் குடு" என்று சொல்லிவிட்டு மச்சான் தட்டிக்கொண்டே இருந்தார்.

நாலாவது மாசம் எங்கள் வாசலுக்கு வந்தார். போர்வையை எடுத்தார். அவள் தாங்கினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மச்சானுக்கும்தான். அந்தச் சந்தோஷத்தில், சொல்லாமல் கொள்ளாமல் கூட்டை மாட்டிக்கொண்டு ஒரு கெட்டிமேளம் வைத்துவிட்டார். அவள் அலறிக்கொண்டு அரிசி மூட்டைக்குப் பின்னால் போனவள்தான். பத்து நாள் என் முதுகுக்கு வரவில்லை. நாலு மாசப் பாடு ஒரு நிமிஷத்தில் போயிற்று. மச்சானை நான் திட்டாத திட்டு இல்லை. அந்த மலை மாதிரி ஆள் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "கை அரிச்சிச்சு மாப்ளே" என்றார்.

அப்போது என் மனைவிதான் வழி சொன்னாள். "கரண்டிய அவ தட்டினா அவளுக்கு ஒண்ணும் ஆகலியே. எப்ப வரும்னு அவளுக்குத் தெரியும், அதான். அண்ணே, நீ அடிக்கறது அவ சொல்லித்தான் இருக்கணும். அவ விரல் காட்டினா அடி. காட்டலன்னா கைய மடியில வச்சுக்கினு உக்காரு."

"விரல் காட்டறது பெரியவங்க வேலைம்மா" என்றார் மச்சான்.

"பெரியவங்க காட்டினது போதும்" என்றாள் என் மனைவி.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் தினம் கல்யாணம். அம்மிக்கல்தான் பெண், துடைப்பம்தான் மாப்பிள்ளை. மூத்தவள் ஐயராக உட்கார்ந்து கண்டபடி மந்திரம் சொல்லி, மஞ்சள் கயிற்றைக் கையில் எடுத்து, "கெட்டிமேளம் கெட்டிமேளம்" என்பாள். மச்சான் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சின்னவளின் விரலையே பார்த்துக்கொண்டிருப்பார். முதல் வாரம் விரல் எழவே இல்லை, அவரும் அடிக்கவில்லை. ஒரு நாள் சுண்டுவிரல் அளவுக்கு எழுந்தது. அவர் ஒரே ஒரு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்தினார். அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். மறுபடி விரலைத் தூக்கினாள். அவர் மறுபடி ஒரு தட்டு. அவ்வளவு பெரிய சத்தம் தன் விரலில் கட்டிப்போட்டிருக்கிறது என்பது அவளுக்கு அன்று தெரிந்துபோயிற்று. கல்யாணத்துக்கு ஒரு மாசம் இருக்கும்போது, கூடு மாட்டிய கையால், வீடு அதிர, முழு கெட்டிமேளத்தையும் என் முதுகில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில்தான் நடக்கும். மேளம் மட்டும் எங்கள் செட்டு என்று முன்பே பேசியிருந்தேன். தென்னேரியில் போய் இறங்கியதும் தெருவைக் காது கொடுத்துக் கேட்டேன். சம்பந்தி தெருவில் ஒரு தறி கிடையாது. ஏரிப் பக்கத்து வயல்காரர்கள் தெரு, அப்படி ஒரு அமைதி. எங்கள் ஊர் அமாவாசையைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்த மாதிரி இருந்தது.

காலையில் தாரை வார்த்துக் கொடுத்துவிட்டு, பட்டு வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணமேடையிலிருந்து இறங்கி, மேளக்காரர்களோடு போய் உட்கார்ந்து ஒத்துக் குழலைக் கையில் எடுத்தேன். நாயனக்காரர் பதறிப்போனார். "யோவ், பொண்ணப் பெத்தவன் மேளத்துல உக்காந்தா ஊரு சிரிக்கும்யா. வேற ஆள் இருக்குது, எழுந்துரு" என்றார். சிரிக்கிறவன் சிரித்துவிட்டுப் போகட்டும் என்றேன். நைந்த மல் பாவாடையோடு சின்னவள் வந்து என் முதுகில் முதுகைக் கொடுத்து, மணமேடையைப் பார்க்க உட்கார்ந்தாள். பந்தலில் இருந்த அத்தனை கண்ணும் அவள் மேல்தான். சம்பந்தி மேடையில் நின்றபடி அவளை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். முதுகை அசைக்காமல், கழுத்தை மட்டும் ஓரமாகத் திருப்பி மேடையைப் பார்த்தபடி நான் ஊத ஆரம்பித்தேன்.

தாலித் தட்டு சபையைச் சுற்றி வந்தது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். ஐயர், "கெட்டிமேளம் கெட்டிமேளம்" என்றார். பந்தல் முழுக்க விரல்கள் எழுந்து ஆடின.

தவில் முழங்கவில்லை.

மச்சான் இரண்டு கையையும் தூக்கியபடி என் தோளுக்குப் பின்னால் சின்னவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவள் முகமோ கையோ தெரியவில்லை, என் முதுகில் அவள் முதுகு மட்டும்தான். மச்சானின் முகத்திலிருந்து புரிந்தது, விரல் எழவில்லை. அவள் அக்காவின் கழுத்தையே வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாளாம், தன் வேலையை மறந்து. வாயில் குழலோடு நான் என்ன சொல்ல முடியும்? நிறுத்திச் சொல்லலாம் என்றால் சுரம் அறுந்துவிடும், அறுந்தால் அவள் நிலை என்ன ஆகும்? மாப்பிள்ளையின் கை பாதியில் நின்றது. "அடிய்யா" என்று யாரோ கத்தினார்கள். மச்சான் அசையவில்லை. சம்பந்தியின் முகத்தில் ரத்தம் இல்லை. அவர் தன் மூத்த மகள் நிற்கிற பக்கம் திரும்பினார். யாராவது தும்மிவிட்டால் தீர்ந்தது. அதுவரை முப்பது வருஷமாக ஊதிய அந்த ஒரு சுரத்தை அப்போது ஊதியதுபோல் நான் அதற்கு முன்னும் ஊதியதில்லை, பின்னும் ஊதியதில்லை.

தலை குனிந்து உட்கார்ந்திருந்த மூத்தவள் நிமிர்ந்தாள். மாலைக்கு மேல் கழுத்தை நீட்டி, தங்கையைப் பார்த்து, வீட்டில் பேசுகிற மாதிரி, "பாப்பா, விரலு" என்றாள்.

என் முதுகில் அவள் தோள்பட்டை மெல்ல எழும்பியதை உணர்ந்தேன்.

மச்சானின் கைகள் தவிலில் இறங்கின. அவர் வாழ்நாளில் அப்படி ஒரு கெட்டிமேளம் வைத்ததில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். முதல் அடியில் அவள் முதுகு என் முதுகில் வந்து மோதியது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் ஓடவில்லை. அலறவில்லை. ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு, மூன்றாவதும் விழுந்தது. அட்சதை பறந்தது. என் கண்ணிலிருந்து தண்ணீர் கன்னத்தில் வழிந்து சீவாளியில் இறங்கியது. சுரம் ஆடவில்லை. ஒத்து ஊதுகிறவனுக்கு வேறு என்ன பெருமை வேண்டும்?

தாலி ஏறினதும் கெட்டிமேளம் நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை. அவள் விரலை இறக்கவில்லை. பந்தல் கூரையைப் பார்க்க அதை நிமிர்த்தி ஆட்டிக்கொண்டே இருந்தாள். மச்சானுக்கு வேர்த்து ஊற்றியது, ஆனாலும் கொடுத்த வாக்கை மீறாமல் அடித்துக்கொண்டே இருந்தார். அவள் முதுகு குலுங்கியது. முதலில் அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். என் மனைவி எதிரே நின்று இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு பார்த்த பார்வையில்தான் தெரிந்தது, அவள் சிரிக்கிறாள்.

சம்பந்தி மேடையிலிருந்து இறங்கி வந்தார். அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவர் கண்ணும் சரியில்லை.

"போதும்மா" என்றார். "எறக்கிடு கண்ணு, உங்க மாமாவுக்குக் கை போயிடும்."

அவள் அவரை யோசனையோடு பார்த்தாள்.

"இன்னும்" என்றாள்.

சம்பந்தி எழுந்தார். மச்சானைப் பார்த்துத் தானும் ஒரு விரலைத் தூக்கி ஆட்டினார்.